வெல்வெட் கொடியில் ஏழாவது பெயர்

எங்கள் ஊரில் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். என் கடைக்கு வருவார்கள். சிவப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் மஞ்சள் குஞ்சம், நடுவில் தங்க நிறத்தில் ஒரு வாசகம், கீழே கொடுப்பவர் பெயர். அந்தக் கொடியைச் சுருட்டிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ கொடுத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தால்தான் நன்றி சொன்னதாகக் கணக்கு. இருபத்திரண்டு வருஷமாக இதைத் தைத்துத் தைத்து என் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துபோய்விட்டது.

வாசகத்துக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். டாக்டர் என்றால் 'ஆப்ரிகாட் தோப்பில் வசந்தம்'. முன்னொரு காலத்தில் ஒரு வைத்தியர் காசே வாங்காமல், பிழைத்தவர்களை வீட்டைச் சுற்றி ஆப்ரிகாட் கன்று நடச் சொன்னாராம். அன்றிலிருந்து வைத்தியம் என்றாலே ஆப்ரிகாட் தோப்பு. வாத்தியார் என்றால் 'பீச்சும் பிளமும் உலகெங்கும்'. அவர் வளர்த்துவிட்ட பிள்ளைகள்தான் அந்தப் பழங்கள். வருகிறவர்கள் பட்டியலில் விரலை வைப்பார்கள், அளவைச் சொல்வார்கள், போய்விடுவார்கள். போன வருஷம் ஒருத்தன் மாட்டு டாக்டருக்கு ஆப்ரிகாட் தோப்பு போடலாமா என்று கேட்டான். போடு ராசா, மாடு படித்துப் பார்த்து ஆட்சேபணை சொல்லப்போகிறதா என்றேன்.

ஆசிரியர் தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹாவ் ஜுன் வந்தான். என்னுடைய பழைய வகுப்பு வாத்தியார் ஹாவ் இருக்கிறாரே, அவருடைய கடைசி மகன். அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவனை மூக்கொழுகிய வயதிலேயே தெரியும்.

"அக்கா, அப்பாவுக்கு எம்பது வயசு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்ல விருந்து. கொடி பெரிசா வேணும். மேடைக்குப் பின்னாடி சுவரே தெரியக்கூடாது."

"சுவரை மறைக்கணும்னா திரைச்சீலை வாங்கேன் தம்பி, கொடி எதுக்கு?"

"அட, கிண்டல் பண்ணாதீங்கக்கா. தொண்ணூத்தாறாம் வருஷ செட்டுல ஒம்பது பேர் காலேஜ் போனாங்க. அப்பாவுக்கு அதுல அவ்வளவு பெருமை. அவங்க ஒம்பது பேரும் சேர்ந்து குடுக்குற மாதிரி கீழ பேரைப் போட்டுருங்க."

"தொண்ணூத்தாறா? அது என் வகுப்பாச்சே."

"அப்படியா! உங்க பேரென்ன?"

"ரென் ஃபெங்லான்."

அவன் செல்போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பாவம், நல்ல பையன். முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"இல்லியேக்கா..."

"எப்படி இருக்கும்? நான் பெயிலு. தேறாததுகளை உங்கப்பா என்னன்னு கூப்பிடுவார் தெரியுமா? கோணல் முலாம்பழம், வெடிச்ச இலந்தை. சந்தைக்குப் போகாத சரக்கு. நீ பட்டியலை அனுப்பிட்டுப் போ, சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ."

அவன் போனதும் கம்ப்யூட்டரில் பெயர்களை அடிக்க உட்கார்ந்தேன். அடித்துக் கொடுத்தால் மிஷின் தங்கத்தாளில் எழுத்துகளை வெட்டித் தரும். அதை இடுக்கியால் உரித்து வெல்வெட்டில் வைத்துச் சூடு போட வேண்டியது என் வேலை. ஆறு பெயர் அடித்துவிட்டேன். ஏழாவது, ரென் ஷியாவ்மான்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? அட, போனால் போகிறதென்று நம் பெயரையும் சேர்த்திருக்கிறார்களே என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். நகர மேல்நிலைப்பள்ளி, துணைத் தலைமையாசிரியை.

ஷியாவ்மான் என்பது நான் பிறந்தபோது அப்பா எனக்கு வைத்த பெயர். கோதுமைக் கதிரில் பால் பிடிக்கும் வாரத்துக்கு எங்கள் பஞ்சாங்கத்தில் அதுதான் பெயர். அந்த வாரத்தில் பிறந்தேன், அந்தப் பெயரையே வைத்தார். பதினெட்டு வயசு வரைக்கும் அந்தப் பெயரோடுதான் இருந்தேன். எங்கள் வகுப்பில் ஐம்பத்துநாலு பேர். அதில் ரென் ஷியாவ்மான் ஒருத்திதான், அது நான்தான்.

தொண்ணூற்றாறு கோடையில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினேன். நன்றாக எழுதினேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன். அப்போதெல்லாம் மார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும், சேர்க்கைக் கடிதமும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஹாவ் வாத்தியார் அறை வாசலில் நிற்பேன். தாகத்தில் செத்துக்கொண்டிருந்த பட்டாளத்திடம் அதோ மலைக்கு அந்தப் பக்கம் பிளம் தோப்பு என்று தளபதி பொய் சொல்லி நடக்கவைத்தானாம். இல்லாத ஒன்றை நினைத்து நாக்கை நனைத்துக்கொள்வதற்கு எங்கள் பேச்சில் 'பிளத்தைப் பார்த்துத் தாகம் தீர்ப்பது' என்றே பெயர். அந்த ஒரு மாதம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆகஸ்டு கடைசியில் ஹாவ் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, பதினோரு மார்க்கில் போய்விட்டது பெண்ணே, மனசைத் தேற்றிக்கொள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். நான் ஒரு ஏமாந்த சோணகிரி!

அடுத்த வாரமே அப்பா ஒரு ஜோசியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் என் பெயரை எழுதிப் பார்த்து உச்சுக் கொட்டினான். 'மான்' என்றால் நிறைவாம், நிறைந்தது தளும்பித்தான் தீருமாம், அதனால்தான் பரீட்சை கவிழ்ந்ததாம். பெயரை மாற்றினால்தான் கல்யாணமாவது அமையும் என்றான். பெயர் ராசியில்லை என்று மாற்றுவது எங்கள் பக்கம் அதிசயமில்லை. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பெயர்ப் பதிவெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில்தான்; அப்பா குடும்பப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் அதில் ரென் ஃபெங்லான் என்று புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். ஹாவ் வாத்தியார் மனப்பாடம் செய்கிறவர்களைத் திட்டுவார், மெல்லாமல் இலந்தையைக் கொட்டையோடு முழுங்குகிறாயா என்று. நான் அன்றைக்கு அப்படித்தான் முழுங்கினேன்.

"ஏன் மிஷின் நின்னுபோச்சு?" என்று என் வீட்டுக்காரர் ச்சியாவ் உள்ளே வந்தார். அவருக்கு லாரி ஓட்டும் வேலை. வீட்டில் இருக்கும் நாளில் கடைக்குள் வந்து தொந்தரவு செய்வது அவருடைய உப தொழில்.

திரையைக் காட்டினேன். அவர் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"வேற யாராவது அதே பேர்ல..."

"ஒரே வகுப்புல, ஒரே வருஷத்துல, எனக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்தாளாக்கும்?"

"சரி சரி, என்மேல எரிஞ்சு விழாதே." மோவாயைத் தேய்த்தார். "அப்ப உன் லெட்டர் வந்திருக்கு. அதை வச்சுக்கிட்டு வேற ஒருத்தி உன் பேர்ல போய்ச் சேர்ந்திருக்கா. அந்தப் பேரு அவளோட காலேஜுக்குப் போயிருச்சு. வீட்ல இருந்தவளுக்கு வேற பேரு தேவைப்பட்டிருக்கு." என்னைப் பார்க்காமல் கேட்டார், "பதிவேட்டை யாரு எடுத்துட்டுப் போனது?"

நான் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார், கடைக்குப் பின்னால் உள்ள அறையில். நாலு வருஷம் முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். தம்பி பாவ்லின் புது வருஷத்துக்கு ஒரு பெட்டி பால் பாக்கெட்டோடு வருவான், மறுநாள் போய்விடுவான். அன்றைக்குச் சாயங்காலம் தினைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ரெண்டு கரண்டி ஊட்டினேன்.

"அப்பா, ஷியாவ்மான் பேர்ல ஒருத்தி காலேஜ் படிச்சு துணைத் தலைமையாசிரியையா இருக்காளாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கஞ்சி தாடையில் வழிந்தது.

"யாரு சொன்னா?" என்றார்.

எந்த ஷியாவ்மான் என்று கேட்கவில்லை. என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"பழைய கதையை எதுக்குக் கிளர்றே?"

"கிளறுவேன். இன்னிக்குக் கிளறத்தான் போறேன். சொல்லுங்க."

துண்டு துண்டாகத்தான் சொன்னார். தானிய இலாகாவில் மேலதிகாரி ஒருத்தர். அவர் மகள் ரெண்டு தடவை பரீட்சை எழுதி ரெண்டு தடவையும் கோட்டைவிட்டவள். ஹாவ் வாத்தியார் அந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் கடிதம் வாத்தியார் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அதைக் கொடுத்தால் பாவ்லினுக்குத் தானியக் கிடங்கில் நிரந்தர வேலை. பதினேழு வயசு தடிமாட்டுக்கு, உடையாத சோற்றுக் கிண்ணம்.

"அவனுக்குப் படிப்பு ஏறலடி. நீ எப்படியும் பொழைச்சுக்குவே. அவன் எங்க போவான்? ரெண்டு பிள்ளையில எது தள்ளாடுதோ அதைத்தானே பெத்தவன் பிடிச்சுக்குவான்? சின்ன வயசிலருந்து நீ விட்டுக்குடுத்த பிள்ளைதானே. பள்ளிக்கூடப் புஸ்தகத்துல அந்தக் குழந்தை பெரிய பேரிக்காயை அண்ணன் தம்பிக்குக் குடுத்துட்டு, சின்னதை எடுத்துக்கிச்சே. நீயே சத்தம் போட்டுப் படிப்பியே."

அந்தப் பாடத்தை வைத்துத்தான் என்னை வளர்த்தார்கள். ஒரு முட்டை இருந்தால் பேரிக்காய்க் கதை. ஒரு புதுச் சட்டை வாங்கினால் பேரிக்காய்க் கதை. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

"அந்தக் குழந்தை தானாக் குடுத்துச்சுப்பா. அது தூங்குறப்ப யாரும் கையிலருந்து பிடுங்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தத் தானியக் கிடங்கை மூன்றே வருஷத்தில் இழுத்து மூடினார்கள். பாவ்லின் நடுத்தெருவுக்கு வந்தான். என் வாழ்க்கையை விற்று வாங்கிய கிண்ணத்தில் அவன் மூன்று வருஷம்கூட முழுசாகச் சாப்பிடவில்லை. பீச் கொடுத்தவருக்குப் பிளம் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வாசகம் என் பட்டியலில் இருக்கிறது, வியாபாரிகள் சங்கத்தில் ஒருத்தருக்கொருத்தர் நட்புக்காகக் கொடுத்துக்கொள்வார்கள். இவர்களும் அப்படித்தான் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பழத்துக்குப் பதில் நான்.

"எத்தனை மார்க்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நான் எத்தனை மார்க் வாங்கினேன்?"

"அது எனக்கெங்க தெரியும்? நான் கேட்டுக்கவே இல்லியே. ஹாவ் வாத்தியாருக்குத்தான் தெரியும்."

மகளை விற்றவர் விலையைக் கேட்டிருக்கிறார், மார்க்கைக் கேட்கவில்லை. மிச்சக் கஞ்சியை ஊட்டினேன். தாடையைத் துடைத்தேன். பின்னே, யார் செய்வார்கள்?

என் வீட்டுக்காரர் அன்றைக்கே புகார் கொடுக்கலாம் என்று குதித்தார். வேறு ஊர்களில் இந்த மாதிரி வெளியே வந்து, ஆட்களுக்கு வேலை போய், டிவியிலெல்லாம் வந்ததே என்றார். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசல்படியில் அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. விசாரணைன்னு வந்தா முதல்ல யாரைக் கேப்பாங்க? பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவரைத்தானே?"

உள்ளே அப்பா இருமுவது கேட்டது. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திருடியவர்களில் ஒருத்தருக்கு நான் கால் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பிடிக்கிற சட்டம் எங்கே இருக்கிறது?

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் என் ஆசை எலிவளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. காலேஜ் வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம், யாருக்கும் ஜெயில் வேண்டாம். என் மார்க் என்ன என்று தெரிய வேண்டும். அது என்னுடையது என்று நாலு பேர் முன்னால் ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக என்னை நானே மக்கு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். என் மகள் கணக்கில் கோட்டைவிட்டபோதுகூட, அம்மா மாதிரிதானே பிள்ளை இருக்கும் என்று சிரித்திருக்கிறேன். அதையாவது என் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டாமா?

கொடியை முடித்தேன். பழமொழி அகராதி மாதிரி இத்தனை வாசகங்களை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள் நான். ஆனால் ஒன்றை மட்டும் இதுவரை எவரும் கொடியில் போடச் சொன்னதில்லை. கிணற்றடிப் பீச் மரத்தின் வேரை அரிக்கப் பூச்சி வந்ததாம், பக்கத்திலிருந்த பிளம் மரம் தன் வேரைக் கொடுத்து அதற்குப் பதிலாகப் பட்டுப்போனதாம். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் அழிவதற்கு 'பீச்சுக்காகப் பட்ட பிளம்' என்பார்கள். அதை வெட்டி அந்த வெல்வெட்டில் ஒட்டிவிட்டால் என்ன என்று ஒரு வெறி வந்தது. எழுத்துகளை அடித்தேகூடப் பார்த்தேன். அப்புறம் அழித்துவிட்டு, வாத்தியார்களுக்கு வழக்கமாகப் போடும் 'பீச்சும் பிளமும் உலகெங்கும்' என்பதையே போட்டேன். ஏழாவது பெயரை மற்றவற்றைவிடக் கவனமாக ஒட்டினேன், ஒரு குமிழ்கூட இல்லாமல்.

சனிக்கிழமை ஹாவ் ஜுன் வந்தபோது, இவ்வளவு பெரிய கொடியை உனக்கு மாட்டத் தெரியாது, நானே வந்து மாட்டுகிறேன் என்றேன். கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் கூடத்தில் இருபது மேஜை. மேஜைக்கு ஒரு தட்டில் பீச் வடிவத்தில் பிடித்த ரொட்டி, உச்சியில் ரோஸ் சாயம். ஆயுசு விருந்தென்றால் அது இல்லாமல் ஆகாது. ஏணியில் ஏறிக் கொடியை மாட்டினேன். கீழே நாற்காலியில் ஹாவ் வாத்தியாரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ரெண்டு கண்ணிலும் புரை, வெள்ளையாக இருந்தது.

"யாரும்மா மேல?"

"கொடிக் கடைக்காரி, ஐயா."

"நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்று தலையை ஆட்டினார். என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் என்ன?

அவளைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூட்டமாக வந்த ஒன்பது பேரில் எட்டு பேர் எனக்குத் தெரிந்த முகங்கள், தொப்பை போட்டு வழுக்கை விழுந்த என் வகுப்புப் பையன்களும் பெண்களும். அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. ஏணியில் நிற்கிறவளை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? ஒன்பதாவது ஆள் குட்டை முடி, கண்ணாடி, சாம்பல் நிறக் கோட்டு. கூடவே பதினாறு பதினேழு வயசில் ஒரு மகள். அந்த எட்டுப் பேரும் அவளோடு அளவாகச் சிரித்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்று எனக்கு அப்போது புரிந்தது. வகுப்பில் இல்லாத ஒருத்தி பட்டியலில் இருப்பது எட்டு பேருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கை கழுவ எழுந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வசவெல்லாம் தொண்டையில் வரிசைகட்டி நின்றது.

"கொடி ரொம்ப நல்லாருக்கு. நீங்க தைச்சதா?" என்று அவளாகவே சிரித்தபடி கேட்டாள்.

"ஆமா. உங்க பேரு ஏழாவதா இருக்கு. நல்ல பேரு. யாரு வச்சது?"

"எங்க... எங்கப்பா."

"எங்கப்பா வச்சது அது. கோதுமையில பால் பிடிக்கிற வாரத்துல நான் பொறந்தேன்னு எனக்கு வச்சது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை அதன் கீழேயே நின்றுவிட்டது.

"நீங்க செத்துப்போயிட்டதா சொன்னாங்க" என்றாள்.

"யாரு?"

"எங்கப்பா. பரீட்சை எழுதிட்டு மூளைக் காய்ச்சல்ல போயிட்டா, லெட்டர் சும்மா கிடக்குது, வீட்டுக்காரங்களே சம்மதிச்சுக் குடுத்துட்டாங்கன்னு. ஹாவ் வாத்தியாரும் தலையை ஆட்டினாரு. சத்தியமா எனக்கு..." குழாயை மூடினாள். "வருஷா வருஷம் செத்தவங்களுக்குக் காகிதப் பணம் எரிக்கிற நாள்ல உங்களுக்கும் எரிக்கிறேன். எங்க புதைச்சாங்கன்னு தெரியாது, அதனால நாலு ரோட்டு சந்திப்புல சாக்பீஸ்ல வட்டம் போட்டு, உள்ள உங்க பேரை எழுதி எரிப்பேன். ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

"இந்த வருஷமுமா?"

"இந்த வருஷமும். ரெண்டு ஆப்பிளும் வச்சேன்."

"எனக்கு ஆப்பிள் பிடிக்காது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். நடிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். ஓங்கி ஒரு அறை விட வந்தவள் நான். என் கை எழும்பவில்லை. இருபத்தேழு வருஷமாக எனக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறவளை எங்கே அடிப்பது?

"நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"உள்ள போங்க. எந்திரிச்சு நின்னு, அந்த மார்க் என்னோடது இல்ல, இதோ நிக்கிறாளே இவளோடதுன்னு சொல்லுங்க. அதுபோதும். நான் எங்கயும் புகார் குடுக்க மாட்டேன். உங்க வேலை, பென்ஷன் எதையும் தொட மாட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்றேன்" என்றாள். முகம் கழுவினாள். போகும்போது என் முழங்கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள். நான் நம்பினேன். அவள் அப்போது சொல்லத்தான் நினைத்தாள் என்று இப்போதும் நம்புகிறேன்.

கூடத்துக்குள் போய்க் கொடியை ஒட்டி நின்றுகொண்டேன். ஹாவ் ஜுன் மைக்கை எடுத்தான். "அப்பாவுக்குப் பார்வைதான் போச்சு, ஞாபகம் போகல. தொண்ணூத்தாறு செட்டு ஒம்பது பேரோட மார்க்கையும் இப்பச் சொல்லுவாரு. பேரைக் கேட்டதும் அவங்கவங்க எந்திரிங்க!" எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். இதற்காகத்தானே வந்தேன்!

வாத்தியார் மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஐந்நூற்று மூன்று. பெயருக்கு உரியவர் எழுந்து குனிந்து வணங்குவார், கைதட்டல், ஒரு மடக்கு சாராயம். ஆறு பேர் முடிந்தது.

"ரென் ஷியாவ்மான்" என்றார். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி தூக்கினார். "ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு. மாவட்டத்துலயே முதல் மார்க். முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினேன், என் வகுப்புக்கு மாவட்ட முதலிடம் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்த மாதிரி ஒரு பொண்ணு அப்புறம் வரவே இல்ல."

ஐந்நூற்று நாற்பத்தொன்று. பதினோரு மார்க்கில் போனவள் மாவட்டத்துக்கே முதல்.

அவள் எழுந்தாள். யாரோ மைக்கைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்கள். நேராக என்னைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் அவள் மகள் நாற்காலிமேல் முட்டிபோட்டு ஏறி, செல்போனைத் தூக்கிப் பிடித்து அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "அம்மா, மாவட்ட ஃபர்ஸ்டா! சொல்லவே இல்ல!" என்று கத்தியது. அந்தக் குழந்தையின் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

அவள் மகளைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் வாத்தியாரோட ஆசீர்வாதம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால், அடையாள அட்டையைக் காட்டு என்பார்கள். அதில் ஃபெங்லான் என்று இருக்கும். எட்டு பேரும் தட்டைப் பார்ப்பார்கள். அப்பாவை வீட்டிலிருந்து தூக்கி வந்தால்தான் எனக்குச் சாட்சி.

கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. மற்ற ஆறு பேருக்குத் தட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை; மாவட்ட முதலிடம் என்றால் சும்மாவா? பாத்திரம் கழுவுகிற பெண்கள்கூட எட்டிப் பார்த்துத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பலமாகத் தட்டினேன். எல்லோரும் உட்கார்ந்து, எட்டாவது பெயரும் சொல்லி, ஒன்பதாவது பெயரும் சொல்லி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். ஹாவ் ஜுன் ஓடிவந்து என் ரெண்டு கையையும் பிடித்து, "போதும்க்கா, முடிஞ்சுபோச்சு" என்றான்.